பொருக்குத் தட்டும்வரை

பிப்ரவரி 3, திங்கள்

மாலை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது சத்தி என் ஆட்டோவிலேயே தூங்கிவிட்டாள். வண்டியில் வரும் பிள்ளைகளிலேயே அதிகம் வாயாடுகிறவள் அவள்தான். ஓட்டுகிறவன் மகள் என்ற அதிகாரம். இன்று ஜெபமலரின் தோளில் தலையைச் சாய்த்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஜெபமலரும் தன் வீடு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு ரத்தத்தில் நோய். போன வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த வருடம்தான் டாக்டர் அனுமதி கொடுத்து, மருந்து தின்றுகொண்டே நாலாம் வகுப்புக்கு வருகிறாள்.

வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் சத்திக்கு உடம்பு கொதிக்கிறது. ரசம் சாதம் கொஞ்சம் இறங்கியது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன்.

வேலம்மாள், நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டபோது நம் மகள் தூங்கிவிட்டாள் என்றேன். அது உண்மைதான். "தெனமும் நடந்தத எழுதி வைங்க, லீவுல வந்து படிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதனால் காய்ச்சல் விஷயத்தை இங்கே எழுதிவிட்டேன். போனில் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் சட்டை மாற்றும்போது பார்த்தேன். முதுகிலும் வயிற்றிலும் நீர் கோத்த கொப்புளங்கள், முத்து முத்தாக.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா எறங்கியிருக்கா, தம்பி. நான் வேப்பல ஒடிச்சுட்டு வாரேன். பயப்படாத, எனக்கெல்லாம் சின்னதுலயே வந்து போயிட்டு" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள். "யார்ட்டயும் சொல்லிக்கிட்டுக் கெடக்காத. ஒருத்தரும் உன் வண்டியில பிள்ளைய ஏத்த மாட்டாவ. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிரு."

அவள் சொன்னதில் தப்பில்லை, எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நேற்று ஜெபமலர் அசையாமல் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்துகொண்டே இருந்தது. முதல் போன் அவள் அம்மா செல்வமேரிக்குத்தான் போட்டேன்.

"அண்ணாச்சி, கொப்பளத்த எப்பப் பாத்திய?"

"இப்பத்தான் தங்கச்சி."

"நேத்து ரெண்டு பேரும் ஒட்டியா இருந்தாவ?"

"ஆமாம்மா. இவ அவ தோள்லதான் தூங்குனா."

சட்டென்று போன் துண்டிக்கப்பட்டது. நான் மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மற்ற வீடுகளுக்கும் வகுப்பாசிரியை பூரணி டீச்சருக்கும் சொன்னேன். "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. பெரும்பாலும் யாரும் சொல்றதே இல்ல" என்றார் டீச்சர். எனக்கு அது ஆறுதலாக இல்லை. செல்வமேரி போனை வைத்த விதம்தான் நெஞ்சில் நின்றது.

பேச்சியக்கா வேப்பிலையோடு வந்தாள். நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சாயங்காலம் வரை போகவில்லை. சத்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்து இலையால் தடவிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மற்ற நோயாளிகளோடு சேர்க்காமல் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சின்னம்மை என்றார். அரிப்புக்குத் தடவ ஒரு ரோஸ் நிறத் தண்ணீர் மருந்து எழுதினார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். தினமும் குளிப்பாட்டலாம் என்றார். வேப்பிலை போடலாமா என்று கேட்டேன். "போடுங்க, பிள்ளைக்குக் குளுமையா இருக்கும். ஆனா மாத்திரையையும் விடக்கூடாது."

சத்தி கேட்டாள், "பள்ளிக்கூடத்துக்கு எப்பப் போலாம் டாக்டர்?"

"புதுசா கொப்பளம் வரது நிக்கணும். வந்ததெல்லாம் காஞ்சு பொருக்குத் தட்டணும். ஒண்ணுகூட ஈரமா இருக்கக்கூடாது. அப்பறம் நீ தாராளமாப் போலாம்."

"பொருக்கு விழ வேண்டாமா?" என்றேன் நான்.

"வேண்டாம். அது விழ நாளாகும். காஞ்சுட்டா யாருக்கும் ஒட்டாது."

பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு அம்மை வந்திருக்கா?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. வெளியே வந்து தூத்துக்குடியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தாம்ல வந்துச்சு, நீ அழுது ஊரக் கூட்டுனியே" என்றான். உள்ளே போய்ச் சொன்னேன். அப்படியானால் நான் வண்டி ஓட்டலாம் என்றார். சரி, ஒரு கவலை குறைந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

பூரணி டீச்சர் கூப்பிட்டார். செல்வமேரி அன்றைக்குப் போனை வைத்தது கோபத்தில் இல்லையாம். வேலை பார்க்கும் தபாலாபீசில் லீவுகூடச் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஜெபமலரின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி கிடையாது. சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போய்விடுமாம். அம்மைக்காரப் பிள்ளையோடு பழகிய சில நாளுக்குள் ஊசி போட்டால்தான் பலன். போட்டுவிட்டார்கள். ஆனாலும் வராது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஒரு மாதம் வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு அடுப்பில் கஞ்சி பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். பேச்சியக்கா வந்து இறக்கினாள். விஷயத்தைச் சொன்னேன். வழிந்த கஞ்சியைத் துணியால் துடைத்தாள்.

"நல்லவேள, நான் சொன்னத நீ கேக்கல" என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

வேலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. போன் கேமரா வேலை செய்யவில்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லையாம். பேச்சியக்காவைக் கூப்பிட்டுக் கறந்துவிட்டாள். சத்தியின் முகத்தைப் பார்த்ததும் அழுதாள். பிறகு என்னைத் திட்டினாள். திட்டியதைத் தனியாக எழுதத் தேவையில்லை, அவளுக்கே நினைவிருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு நாளாக அரிப்புத் தாங்காமல் பிள்ளை துடிக்கிறாள். கையில் என் பழைய காலுறையை மாட்டிவிட்டிருக்கிறேன். ஒரு குடம் வேப்பிலைத் தண்ணீர் வைத்து ஊற்றினால் கொஞ்ச நேரம் அடங்குகிறது. மூன்று வாளித் துணி துவைத்தேன். சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மருந்து தடவும்போது கேட்டாள்.

"யப்பா, மலருக்கு வந்தா என்னாலதான?"

"உனக்கு யாரு குடுத்தா?"

"தெரியாது."

"அவங்க மேல உனக்குக் கோவமா?"

"இல்ல. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காதுல்லா."

"உனக்கும் அப்படித்தான்மா."

யோசித்துவிட்டுச் சரி என்றாள். எனக்குத்தான் சரியாகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

புதிதாக ஒன்றும் வரவில்லை. மருதமுத்து வீட்டுப் பையன்கள் இருவரும் என் வண்டியில் வருகிறவர்கள். அவர்கள் அம்மா தினமும் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறாளாம். அவர்களுக்கும் வந்தால் மறைக்க மாட்டோம் என்று சொன்னாள். வண்டி ஓட்டும்போது அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

டாக்டரம்மா வெளிச்சத்தில் நிற்க வைத்து, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குளில் எல்லாம் பார்த்தார். எல்லாம் காய்ந்துவிட்டது. நாளைக்கே பள்ளிக்கூடம் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். சத்தி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குதித்தாள்.

பெற்றோர்கள் இருக்கும் வாட்சப் குழுவில் செய்தியைப் போட்டேன். உடனே ஒருவர் பதில் போட்டார், மேலத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறவர். வேப்பிலை போட்டுத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிர்ந்து, அதற்கப்புறம் வரட்டும், முகத்தில் கருப்புக் கருப்பாக வைத்துக்கொண்டு வந்தால் மற்ற பிள்ளைகள் என்ன ஆவது என்று. இன்னும் இருவர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். டாக்டர் சீட்டைப் படம் எடுத்துப் போட்டேன். "டாக்டர் ஆயிரம் சொல்லுவாங்க" என்று வந்தது. பூரணி டீச்சர் விளக்கினார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சத்தி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்தேன். சரி, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வமேரியின் குரல் செய்தி வந்தது. அன்றைக்குப் பிறகு அவள் குரலை நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது. சத்திதான் அழுத்தினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெபமலரோட அம்மா பேசுதேன். இந்த நோய் யாருக்கு வந்தாலும் வரலாம், எம்பிள்ளைக்கு வந்தா பொழைக்கிறது கஷ்டம். அதனால பெரிய ஆஸ்பத்திரியில நான் கேக்காத கேள்வி இல்ல. கொப்பளம் காஞ்சு பொருக்காயிட்டுன்னா அது ஒட்டாது. ஒட்டுறதெல்லாம் அதுக்கு முன்னாலதான். கொப்பளம் தெரியிறதுக்கு ஒருநா ரெண்டுநா முன்னாலயே ஒட்டிரும். அதனாலதான், வந்தா ஒடனே சொல்லணும். சுடலைமுத்து அண்ணாச்சி சொன்னாவ. சொன்ன வீட்டுப் பிள்ளையவே வெளிய நிறுத்துனியள்னா, இனிமே ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. மறச்சு மறச்சு அனுப்புவாவ. அப்ப எம்பிள்ள எங்க போவா? சத்தி நாளைக்கு பள்ளிக்கொடத்துக்குப் போட்டும். எம்மவ நல்லபடியா வந்ததும் அவ பக்கத்துலதான் உக்காருவா."

பிறகு உரக்கடைக்காரர், "சரிம்மா. தெரியாமச் சொல்லிட்டேன்" என்று போட்டார்.

சத்தி அந்தச் செய்தியை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். நானும் தடுக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பள்ளிக்கூடம் போனாள். உரக்கடைக்காரரே தன் மகனை வண்டியில் ஏற்ற வந்தார், சத்தியின் கையில் ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்தார். நன்றி சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவர்தான் எனக்கு நன்றி சொல்ல வந்தவர் போல இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

முதுகு வலிக்கிறது. சந்தை ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குலுக்கல்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெயில் கூடிவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை. சீக்கிரம் படுத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

காலையில் செல்வமேரி கூப்பிட்டாள். ஜெபமலருக்கு இன்று பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை. தெரிந்தவரின் காரில் போவதாக இருந்தது, அது வழியில் நின்றுவிட்டது. பஸ்ஸில் கூட்டத்தில் கூட்டிப்போகக் கூடாது.

"அண்ணாச்சி, நீங்க வர முடியுமா? உங்களுக்கு முந்தியே அம்மை வந்து போயிட்டுன்னு டீச்சர் சொன்னாவ. டாக்டர்ட்டயும் கேட்டுக்கிட்டேன். உங்க வண்டின்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

"இந்தா வாரேன்மா" என்றேன். இவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன்! பக்கெட்டில் தண்ணீர் எடுத்து வண்டியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தேன். சீட்டுக்குச் சோப்புப் போட்டேன். துடைக்கும்போது ஒரு குளிர் எடுத்தது. காலைத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

சத்தி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். என் பின்னால் நின்றவள், "யப்பா, குனிங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குனிங்க. கழுத்துல என்னமோ இருக்கு."

"கொசு கடிச்சிருக்கும்."

"எனக்கும் மொதல்ல கொசுக்கடி மாதிரிதான் இருந்துச்சு."

அதற்குமேல் என்னால் வண்டியைத் துடைக்க முடியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏண்ணே, நமக்குச் சின்னதுல வந்தது கொப்பளமா இருந்துச்சா?"

"கொப்பளமெல்லாம் இல்லல. செவப்புச் செவப்பாப் பொடியா, மணல அள்ளித் தெளிச்ச மாதிரி. மணல்வாரி. ஏன், ரெண்டும் அம்மைதான?"

மணல்வாரியும் சின்னம்மையும் ரெண்டும் அம்மைதான். ஆனால் ஒன்று வந்தால் மற்றது வராது என்று யார் சொன்னார்கள்?

முதுகுவலி, குளிர், பசியின்மை எல்லாவற்றுக்கும் நான் எழுதி வைத்த காரணங்கள் முந்தைய பக்கங்களில் இருக்கின்றன. எழுதும்போது அவற்றை நானே நம்பினேனா என்று இப்போது தெரியவில்லை.

செல்வமேரி கிளம்பித் தெருமுனையில் நின்றுகொண்டிருப்பாள். அவளிடம் வர மாட்டேன் என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"தங்கச்சி, நான் வரக்கூடாது. எனக்கே வந்திருக்குன்னு நெனைக்கேன். மலர எங்கிட்ட விடாதிய. ஆறுமுகநயினார அனுப்புதேன். அவன் வண்டி சுத்தமா இருக்கும், அவனுக்குக் கொப்பள அம்மை வந்த தழும்பு மூஞ்சியிலயே இருக்கு."

"சரி அண்ணாச்சி" என்றாள்.

ஆறுமுகநயினார் என் ஸ்டாண்டில் நிற்கிறவன். பாதிச் சவாரியை விட்டுவிட்டு வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் அவனே திரும்ப வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னான். எல்லா வீட்டுக்கும் மறுபடி போன் போட்டேன், இரண்டு நாளாக வண்டியில் வந்த பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளச் சொன்னேன். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

உடம்பு முழுக்கக் கொப்புளம். கண்ணிமையில்கூட.

பிப்ரவரி 23, ஞாயிறு

பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக வரும் என்றார் டாக்டரம்மா. அவர் கொடுத்த மாத்திரையால்தான் இன்று பேனா பிடிக்க முடிகிறது. மூன்று நாள் எப்படிப் போனது என்று தெரியாது. பேச்சியக்கா கஞ்சி வைத்து இளநீர் சீவிக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் என்னைத் தாங்கிப் பிடித்துக் குளிக்க வைத்தார். ஆறுமுகநயினார் சத்தியைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறான். வேலம்மாள் அங்கே வேலைக்கு நடுவில் கூப்பிட்டு, நான் மூச்சு விடுவது சரியாக இருக்கிறதா என்று போனிலேயே காது வைத்துக் கேட்கிறாள்.

இத்தனை பேரை நான் சம்பாதித்து வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

படுத்திருக்கும்போது ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. அந்தக் காலையில் சத்தி என் பின்னால் நிற்காமல் முன்னால் நின்றிருந்தால்? இங்கிருந்து பாளையங்கோட்டை வரை அந்தப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருப்பாள். அப்படி நினைத்த உடனே சத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 26, புதன்

மருதமுத்துவின் சின்ன மகனுக்கு வந்துவிட்டது. லேசாகத்தான். அவன் அம்மா அன்றைக்கே குழுவில் போட்டுவிட்டாள். எல்லாரும் அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். உரக்கடைக்காரர் வேப்பிலைக் கொத்தோடு போனாராம்.

பிப்ரவரி 28, வெள்ளி

சத்தி என்னை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்க்கிறாள். காதுக்குப் பின்னால், தலைக்குள், எல்லாம். "இங்க ஒண்ணு ஈரமா இருக்கு. நாளைக்கும் வெளிய போவக்கூடாது" என்றாள். ஸ்டாண்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

மார்ச் 3, திங்கள்

இன்று எனக்கும் எல்லாம் காய்ந்தது. அது பெரிய செய்தி இல்லை.

பெரிய செய்தி மதியம் வந்தது. ஜெபமலரை இன்று டாக்டர்கள் பார்த்தார்கள். கெடு முடிந்துவிட்டது, அம்மை வரவில்லை, இனி அதனால் வராது. ரத்தமும் நன்றாக இருக்கிறதாம். பள்ளிக்கூடம் போகலாம். செல்வமேரி இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, கேக்குதா?" என்றாள். கேட்டது. "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றேன்.

அந்த ஊசியைக் கண்டுபிடித்தவர் எந்த ஊரோ, என்ன பெயரோ. எங்கிருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

பேச்சியக்கா கோயிலுக்கு மாவிளக்கு எடுத்துப் போனாள். செல்வமேரி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். நான் இரண்டு இடத்துக்கும் சேர்த்துத் தலைக்குமேல் கை கூப்பினேன்.

மார்ச் 6, வியாழன்

மறுபடி வண்டி எடுத்தேன். முகம் முழுக்கப் பொருக்கு. பிள்ளைகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. மருதமுத்து வீட்டுப் பையன்கள் இருவரையும் அவர்கள் அம்மா இன்னும் அனுப்பவில்லை. கடைசியாக ஜெபமலர் வீடு.

வாசலில் நின்றாள். மாஸ்க், சின்னத் தொப்பி, புதுச் செருப்பு. ஒரு மாதத்தில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். சத்தி இறங்கி ஓடினாள். பக்கத்தில் போனதும் சட்டென்று நின்று, "ஏட்டி, எனக்கு எல்லாம் காஞ்சிட்டு. பாக்கியா?" என்று கையை நீட்டிக் காட்டினாள். "தெரியும். எங்கம்மா சொன்னாவ" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள் ஜெபமலர்.

செல்வமேரி, "இன்னைக்கு மட்டும் நானும் பள்ளிக்கொடம் வரைக்கும் வாரேன் அண்ணாச்சி" என்று முன்னால் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். வழி முழுக்கப் பின்னால் ஒரே சத்தம். ஒரு மாதக் கதையையும் ஒரே சவாரியில் சொல்லி முடிக்கப் பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பூரணி டீச்சர் காத்திருந்தார். பிள்ளைகள் உள்ளே போய் மறையும்வரை நாங்கள் இருவரும் நின்றோம்.

திரும்பும்போது தபாலாபீஸ் வரை அவளை விடுவதாகச் சொன்னேன். பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஆற்றுப்பாலம் தாண்டியதும் அழ ஆரம்பித்தாள். ஒரு வருடமாக வைத்திருந்த அழுகை போல இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அவள் அழுது முடிக்கட்டும் என்று இறங்கிப் போய் இரண்டு டீ சொன்னேன்.

கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நீங்க மொதல்ல போன் பண்ணிச் சொன்னிய. அப்பறம் வரமாட்டேன்னு சொன்னிய. ரெண்டுக்கும் நான் என்ன செய்யப்போறேன் அண்ணாச்சி?"

"நீ குழுவுல பேசுனதுக்கு நான் என்னம்மா செஞ்சேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆத்தாடி, இவ்வளவு சீனியா?" என்றாள். கடைக்காரன் பதறிப்போய் வேறு போட்டுத் தரவா என்று கேட்டான்.

"வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே முழுவதையும் குடித்து முடித்தாள்.